பறை அடிக்கலாம், இசை அமைக்கக் கூடாதா?

ஒரகடம் பக்கத்துக் காலனி ஒன்றில் நாங்கள் நடத்துகிற மாலை நேரப் படிப்பு மையத்துக்கு வரும் பிள்ளைகள் பாலிடெக்னிக் படிக்கிறார்கள், பொறியியல் படிக்கிறார்கள், பி.காம். படிக்கிறார்கள். இசை படிக்கிறவர் ஒருவரும் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை சாலையின் இரண்டு பக்கமும் கம்பெனிகள். படித்தால் அந்த கேட்டுக்குள் போகலாம் என்பதுதான் இந்தப் பகுதியில் படிப்புக்கு இருக்கிற அர்த்தம். அதனால் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன், கல்லூரியில் விருப்பப் பாடமாக இசையமைப்பு எடுத்திருப்பதாகச் சொன்னபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. "ஏன்டா, ரோபோடிக்ஸ் கிடைக்கலையா?" என்றுதான் கேட்டோம்.

அவன் அதை எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மற்ற விருப்பப் பாடங்களில் இடம் நிரம்பிவிட்டது. இந்தப் பாடத்துக்கு 'முன் பயிற்சி தேவையில்லை' என்று அறிவிப்பில் போட்டிருந்தது. சேர்ந்துவிட்டான். பருவ முடிவில் மூன்று நிமிட அளவில் சொந்தமாக ஓர் இசை செய்து தர வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண்.

அவனுடைய தாத்தா பறையடித்தவர். பறை வீட்டில் இல்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன, ஆனால் அடிகள் தாத்தாவின் வாயில் இருக்கின்றன. நான்கு அடிகளை அவரைச் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொண்டான். பயிற்சிக்குப் போன உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் ஓடும் சத்தம் அவன் மண்டைக்குள் இருந்தது. அந்த ஒரே சீரான இடியைத் தகரத்தில் தட்டி அடியில் ஓடவிட்டான். அதன் மேல் தாத்தாவின் அடிகளை இரவல் வாங்கிய பறையில் ஒவ்வொன்றாக நுழைத்தான். கடைசியில் பிரஸ் நின்றுவிடும், பறை மட்டும் இருக்கும். எந்த அடி எத்தனையாவது இடியில் வர வேண்டும் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதியும் வைத்திருந்தான்.

ஆசிரியர் முழுவதும் கேட்டார். "தாளம் நல்லா இருக்குப்பா. ஆனா இதுல கம்போசிஷன் எங்க இருக்கு? ராகம் இல்ல, ஸ்வரம் இல்ல. சாவுக்கு அடிக்கிற மாதிரி இருக்கு" என்றாராம். வகுப்பு சிரித்தது. வேறு செய்துகொண்டு வா என்று ஒரு வாரம் கொடுத்தார். தம்பி ஒரே ராத்திரியில், போன் செயலியில் ரெடிமேடாகக் கிடைக்கும் கீபோர்டு துண்டுகளை வெட்டி ஒட்டிக் கொடுத்தான். அதற்கு நல்ல மதிப்பெண் வந்தது.

தானாக யோசித்துக் கட்டியது இசையமைப்பு இல்லையாம். யாரோ செய்து வைத்ததை ஒட்டிக் கொடுத்தது இசையமைப்பாம். இதைத்தான் நாம் பேச வேண்டும்.

அந்த ஆசிரியரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்று தம்பியே சொல்கிறான். அவருக்குச் சொல்லித்தரப்பட்டதை அவர் சொல்கிறார். முன் பயிற்சி தேவையில்லை என்று அறிவிப்பில் போட்டவர்களுக்கு, ராகமும் ஸ்வரமும் எல்லோர் வீட்டிலும் காதில் விழுந்துகொண்டிருக்கும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. யார் வீட்டில் விழும், யார் தெருவில் விழாது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. எழுதப்படாத அந்த முன்தகுதிக்கு இந்த நாட்டில் ஒரு பெயர் உண்டு.

பாடப்புத்தகத்தில் பறை இல்லையா என்றால், இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தில் 'தமிழர் மரபு' என்று ஒரு தாள், பொறியியல் மாணவர் எல்லோருக்கும் பொதுவானது. அதில் இரண்டாவது அலகில் இசைக்கருவிகள் உருவாக்கம் என்ற தலைப்பில் மிருதங்கம், பறை, வீணை, யாழ், நாதஸ்வரம் ஆகியவை வருகின்றன. அந்தத் தாளுக்கு மொத்தம் 15 வகுப்பு, ஒரு கிரெடிட். ஐந்து அலகுகள், அலகுக்கு மூன்று வகுப்பு. அந்த மூன்று வகுப்புக்குள் நடுகல், செப்புத் திருமேனி, தேர் செய்யும் கலை, சுடுமண் சிற்பம், திருவள்ளுவர் சிலை எல்லாம் முடித்துவிட்டுத்தான் பறைக்கு வர வேண்டும். கணக்குப் போட்டால் பறைக்குச் சில நிமிடம் கிடைக்கும். அந்தச் சில நிமிடத்திலும் பறை எப்படிச் செய்யப்படுகிறது என்பதுதான் கேள்வி. பறையில் என்ன செய்யலாம் என்ற கேள்வி வருவதில்லை. பறையை மரபாக வைத்து வணங்கத் தயாராக இருக்கிறார்கள். அதை வைத்து ஒருவன் இன்று புதிதாக ஒன்று செய்தால் 'சாவு மேளம்' என்கிறார்கள்.

இசைக்கென்றே இருக்கும் இடங்களையும் பார்ப்போம். காஞ்சிபுரம் உட்படப் பல மாவட்டத் தலைநகரங்களில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள். பறைக்கு அங்கே முழுநேரப் பிரிவு இல்லை. பகுதிநேரப் பயிற்சி என்ற அளவில் சில இடங்களில் வழி திறந்திருப்பதை வரவேற்கிறோம். ஆனால் மூன்றாண்டுப் படிப்பும் பகுதிநேரப் பயிற்சியும் ஒன்றாகிவிடாது. எது படிப்பு, எது பொழுதுபோக்கு என்று இந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

அந்த ஏழில் ஒன்றான மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் அதில் இருக்கிறது. தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, வார் பிடித்து, கல்பொடியும் சோறும் கலந்த கரணையைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றி, வாசிப்பவர் கேட்கும் நாதத்தை அதில் வரவைக்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதி 2020 தொடக்கத்தில் வெளியிட்டபோது, வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். ஒரு மயிரிழை சுருதி விலகினால் கண்டுபிடித்துச் சரிசெய்யும் காது அந்தத் தொழிலாளிக்கு இருக்கிறது. ஆனாலும் அவர் 'இசை தெரிந்தவர்' பட்டியலில் வருவதில்லை. செய்கிறவர் நாம், அடிக்கிறவர் நாம், அமைக்கிறவர் மட்டும் வேறு யாரோ. மூளையும் உடலும் தனித்தனிச் சாதி என்று சொன்ன அதே பழைய கதைதான் இசைக்குள்ளும் ஓடுகிறது.

இதில் சட்டம் ஒரு காலத்தில் அந்த ஆசிரியர் பக்கம்தான் இருந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எதை இசைப் படைப்பு என்றது தெரியுமா? அச்சிட்டோ எழுத்திலோ வரைவடிவிலோ கொண்டுவரப்பட்ட மெட்டையும் சுரச்சேர்க்கையையும்தான். எழுதி வைக்காத இசை, சட்டத்தின் கண்ணில் படைப்பே இல்லை. வாய்வழியாகவே இசையை வைத்திருக்கும் சமூகங்கள் அத்தனையும் ஒரே வரியில் வெளியே நின்றன. 1994இல் திருத்தம் வந்தது. இப்போது சட்டப்படி இசையமைப்பாளர் என்பவர் இசையை அமைத்தவர். அவர் அதைக் குறியீட்டில் எழுதி வைத்தாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை. 30 ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் மாறிவிட்டது, வகுப்பறை மாறவில்லை. தம்பி கட்டம் போட்டு எழுதிய நோட்டு இல்லாமல் இருந்திருந்தாலும் அவன் இசையமைப்பாளன்தான். அந்த நான்கு அடிகள் எந்தத் தனி ஆளின் சொத்தும் இல்லை, ஊருக்குப் பொது. அவற்றை வைத்து அவன் கட்டியது அவனுடையது.

இனி நமக்குள் இருக்கும் கேள்விக்கு வருவோம். வெளியே இருப்பவர்களிடம் பேசுவதைவிட இதுதான் கடினம்.

தம்பியின் அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் கோபப்பட்டார். ஆசிரியர் மேல் இல்லை, மகன் மேல். "அந்த எழவ விட்டு வெளிய வரணும்னுதான் இவன காலேஜுக்கு அனுப்புனேன். இன்னாத்துக்கு மறுபடியும் அத்த கையில எடுக்கறான்?" என்று எங்களிடம் வந்து கேட்டார். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் இனிமேல் யார் சாவுக்கும் பறையடிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்த கூட்டத்தில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். அந்த முடிவுக்காகப் பல மாதம் வயல் வேலை இல்லாமல் போனது. தமிழ்நாட்டில் எத்தனையோ சேரிகள் இப்படிப் பறையைக் கீழே வைத்துத்தான் தலைநிமிர்ந்தன. 2022 ஆகஸ்டில், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒலிபெருக்கி வந்த பிறகும் ஒருவர் கழுத்தில் பறையைத் தொங்கவிட்டு ஊர் சுற்றவைத்தது செய்தி சொல்வதற்காக இல்லை, அவர் யார் என்று தினமும் நினைவுபடுத்துவதற்காக. அதை நிறுத்தியது சரி. பறையை விட்டதும் சரி. அப்பாவின் கோபத்தில் தப்பே இல்லை.

அதே சமயம் வேறு தோழர்கள் பறையைக் கையில் எடுத்து மேடை ஏற்றியதும் சரிதான். மதுரையில் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்திருக்கிறது. பறையை எடுப்பதா, விடுவதா என்று 30, 40 ஆண்டுகளாக நமக்குள் வாதம் நடக்கிறது. இரண்டு பக்கமும் உயிரைக் கொடுத்து நின்றவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வாதத்தைத் தாத்தாதான் எங்களுக்கு முடித்துவைத்தார். மையத்தில் பிள்ளைகள் முன்னால் தம்பி தன் இசையை ஒலிக்கவிட்டபோது அவரும் வந்து உட்கார்ந்திருந்தார். மகனின் கோபம் பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னார்: "சாவுக்கு அடின்னாங்க, அடிச்சேன். சாமி பொறப்பாட்டுக்கு அடின்னாங்க, அடிச்சேன். எப்ப ஆரம்பிக்கணும், எப்ப நிறுத்தணும், எங்க நிக்கணும் எல்லாம் அவங்க சொல்றதுதான். எனக்கா தோணி ஒருநாளும் அடிச்சதில்ல."

இதில்தான் எல்லாம் இருக்கிறது. நாம் வெறுத்தது தோலையும் குச்சியையும் இல்லை, உத்தரவை. எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று இன்னொருவன் சொல்ல நாம் அடிப்பது ஊழியம். அதே கேள்விகளுக்கு நாமே விடை தீர்மானித்தால் அதற்குப் பெயர் இசையமைப்பு. தம்பி பிரஸ் சத்தத்தை எங்கே நிறுத்துவது என்று தானே முடிவு செய்தான். தாத்தாவுக்கு ஆயுள் முழுக்கக் கிடைக்காத அதிகாரம் அது.

கம்பெனிக்குப் போகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். அசெம்ப்ளி லைனில் 'டாக்ட் டைம்' என்று சொல்வார்கள். ஒரு ஷிப்டில் வேலை நேரம் 420 நிமிடம், அன்றைக்கு 420 வண்டி வெளியே வர வேண்டும் என்றால் ஒரு வண்டிக்கு 60 நொடி. அந்த 60 நொடிக்குள் உன் போல்ட்டை முடுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குத் தயாராக வேண்டும். 'டாக்ட்' என்பது ஜெர்மன் சொல். அந்த மொழியில் அது இசையின் தாளத்தைக் குறிக்கும் சொல். ஆக, தாத்தா ஊர்ப் பெரிய மனிதர்கள் போட்ட தாளத்துக்கு அடித்தார், பேரன் கம்பெனி போடும் தாளத்துக்கு முடுக்கப் போகிறான். நடுவில் நான்கு வருடம் கல்லூரி. அந்த நான்கு வருடத்தில் ஒரே ஒரு பருவம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், தன் தாளத்தைத் தானே போட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்றால் அது ஆடம்பரமா? சோற்றுக்கு வழி செய்யாத படிப்பு எதற்கு என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். சோற்றுக்கான படிப்பையும் படிக்கட்டும். நமக்குச் சோறு மட்டும் போதும் என்று முடிவு செய்தவர்கள் யார் என்பதையும் கேட்கட்டும்.

இசை மாணவர் அல்லாதவர்களுக்கு இசையமைப்புச் சொல்லித்தர முடியாது என்பார்கள். செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள், அதுவும் நம் பக்கத்திலேயே. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 'பரட்டை' என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். 2005இல் காலமானார். அவரிடம் படித்தவர்கள் போதகர் ஆவதற்கு வந்த மாணவர்கள், இசை மாணவர்கள் இல்லை. தேவாலயத்தில் ஐரோப்பியப் பாமாலையும் கர்நாடகக் கீர்த்தனையும்தான் தெய்வத்துக்கு ஏற்றவை என்றிருந்த காலத்தில், அவர் நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே அமைத்தார். பாட்டு எழுதியவரோடு முடிந்துவிடக் கூடாது, பாடுகிற மக்கள் அதைத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடிய வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய தலித் கலைவிழாக்களில் பறை மேடை ஏறியது. அவருடைய இசையையும் இறையியலையும் ஆராய்ந்து ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2014இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தெரிந்த இந்தப் பாடம், இங்கே ஒரு பொறியியல் கல்லூரியின் இசை வகுப்புக்குத் தெரியவில்லை.

பொறியியல் கல்லூரி என்றால் வேறு என்பவர்கள், உலகம் முழுக்கப் பொறியாளர்கள் அண்ணாந்து பார்க்கும் எம்.ஐ.டி.யைப் பார்க்கட்டும். அங்கே 'இசையமைப்புக்கு அறிமுகம்' என்று ஒரு பாடம் இருக்கிறது. முறையான இசைப் பயிற்சி எதுவும் தேவையில்லை. இசையை எப்படி நிகழ்த்த வேண்டும் என்ற குறிப்பை மாணவர் சாதாரண வாக்கியத்தில் எழுதலாம், படமாக வரையலாம், குறியீட்டில் எழுதலாம், மூன்றும் செல்லும். பாடத்தின் விவரங்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். நம் தம்பி கட்டம் போட்ட நோட்டை அங்கே கொடுத்திருந்தால், குறிப்பு எழுதிய விதம் சரியா என்ற கேள்வியே வந்திருக்காது. அடுத்தடுத்த அடிகள் ஏன் அந்த வரிசையில் வருகின்றன, மாற்றினால் என்ன ஆகும் என்றுதான் பேசியிருப்பார்கள். இசையமைப்பு வகுப்பில் பேச வேண்டியது அதைத்தான்.

உடனே ஒருவர் எழுந்து, "இளையராஜா இல்லையா? திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது" என்பார். அவர் தன்னைச் சாதியோடு சேர்த்துப் பேசுவதை விரும்பாதவர். அதை மதித்து, அவர் இசை கற்ற விதத்தை மட்டும் பேசுவோம். பண்ணைப்புரத்தில் இருந்து வந்தவர் எந்த இசைக் கல்லூரியிலும் மாணவராக உட்கார்ந்து பட்டம் வாங்கவில்லை. அண்ணன் பாவலர் வரதராசனின் கச்சேரிகளில் ஊர் ஊராக வாசித்தார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வை எழுதித் தேறினார். 2025 மார்ச் 8 அன்று அதே லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு நிகழ்த்தியது. இதில் இருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம், ஒரு தனி ஆசிரியர் கதவைத் திறந்து வைத்ததால் என்ன நடந்தது என்பது. ஒருவர் தப்பி வந்ததைக் காட்டிக் கதவைச் சாத்தியே வைப்பதற்கு அவரைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

2024 மே மாதம் சென்னை ஐஐடி அவர் பெயரிலேயே இசைக் கற்றலுக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு மையம் அமைக்க ஒப்பந்தம் போட்டது. நல்லது. அதே ஐஐடி 2025–26 சேர்க்கையில் இருந்து நுண்கலை, பண்பாட்டுச் சிறப்புக்கென்று ஒவ்வொரு பி.டெக். பிரிவிலும் இரண்டு இடங்கள் ஒதுக்கியிருக்கிறது. ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும், கூடவே தேசிய அளவிலான விருதோ உதவித்தொகையோ வானொலித் தரச் சான்றோ இருக்க வேண்டும். கலையை மதிப்பது சரி. ஆனால் சேரியில் சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இறந்தவர் பெயர் என்ன, என்ன வேலை செய்தார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, அந்த ராத்திரியே மெட்டில் கட்டிப் பாடுகிற கானா பாடகனின் பிள்ளைக்கு எந்த அமைச்சகம் சான்று கொடுக்கும்? அவன் செய்வது அந்த நிமிடத்தில் நடக்கும் இசையமைப்பு. சென்னையில் 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது ஊர் திரும்பிப் பார்த்தது, அந்த இசை அன்றைக்குத்தான் பிறந்தது என்பதால் இல்லை. அதுவரை அதற்கு மேடை கொடுக்கவில்லை. 2021இல் உலகமே கேட்ட ஒரு பாட்டைப் பற்றி 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டைப்படம் போட்டபோது, அதை எழுதிப் பாடிய அறிவின் முகம் முதலில் அதில் இல்லை. கேள்வி கேட்ட பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது. பாட்டு வேண்டும், பாட்டைக் கட்டியவன் முகம் வேண்டாம் என்ற பழக்கத்தை வகுப்பறையில் உடைக்காமல் வேறு எங்கே உடைப்பது?

நாம் கேட்பது நான்கு விஷயம். முதலாவது, இந்தத் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள பொறியியல், பாலிடெக்னிக், கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாவற்றிலும் இசையமைப்பு ஒரு விருப்பப் பாடமாக, கிரெடிட்டோடு இருக்க வேண்டும். ஆண்டு விழா ஆட்டத்தோடு அதை முடித்துவிடக் கூடாது. இரண்டாவது, முன் பயிற்சி தேவையில்லை என்றால் உண்மையாகவே தேவையில்லாமல் இருக்க வேண்டும். சொற்கட்டு, ஒலிப்பதிவு, கட்டம், ஸ்வரம் எதில் கொடுத்தாலும் ஏற்க வேண்டும், மதிப்பெண் எதற்கு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, மாணவர் செய்ததில் மாணவர் பெயர் இருக்க வேண்டும். கல்லூரி அதை விளம்பரத்துக்கோ விழாவுக்கோ பயன்படுத்தினால் அனுமதி கேட்டு, பெயர் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். சொல்லித்தர ஆள் இல்லை என்று காரணம் சொல்லாதீர்கள். பட்டம் இல்லாத துறை வல்லுநர்களையும் பேராசிரியர்களாக நியமிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும், முறையான கல்வித் தகுதி கட்டாயம் இல்லை, நுண்கலையும் அந்தத் துறைகளில் ஒன்று, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு வெளியே, அவற்றின் எண்ணிக்கையில் 10 சதவீதம் வரை இப்படி நியமிக்கலாம். இந்த வழியில் கம்பெனி மேலாளர்களை அழைத்து வகுப்பெடுக்க வைக்கக் கல்லூரிகளுக்குத் தயக்கம் இல்லை. 15 வருடம் பறையடித்தவர், 15 வருடம் கானா கட்டியவர், 15 வருடம் மிருதங்கத்துக்குத் தோல் பிடித்தவர் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாற்காலி போடுங்கள், மேலாளருக்குக் கொடுக்கும் அதே ஊதியத்தைக் கொடுங்கள். மரபு நிகழ்ச்சி என்று ஒருநாள் கூப்பிட்டு, சால்வை போட்டு, ஆயிரம் ரூபாய் கவரில் வைத்து அனுப்பும் வேலை இனி வேண்டாம்.

கோபுரத்தில் ஏறி மந்திரத்தை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார் என்று ராமானுஜரைப் பற்றிக் கதை சொல்வார்கள். அவர் பிறந்த ஊர் என்று ஸ்ரீபெரும்புதூரில் யாரைக் கேட்டாலும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கதைப்படியே பார்த்தாலும், இருக்கிற மந்திரத்தைக் கேட்கவும் சொல்லவும்தான் எல்லோருக்கும் உரிமை வந்தது. புதிதாக ஒன்றை ஆக்கும் உரிமையை யாரும் கோபுரத்தில் இருந்து நமக்கு அறிவிக்கப் போவதில்லை. அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அன்றைக்கு மையத்தில் தம்பியின் இசை முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். தாத்தா கைதட்டவில்லை. "மூணாவது அடி முடிஞ்சதும் உடனே அடுத்தது வருது பாரு, அங்க ஒண்ண விடு கண்ணு. மூச்சு வுட எடம் வேணும்" என்றார். தம்பி நோட்டை எடுத்து அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டான். மறுபடி ஒலிக்கவிட்டபோது எங்களுக்கே வித்தியாசம் தெரிந்தது. ஒரு பருவம் முழுக்க அவனுக்குக் கிடைக்காத இசையமைப்புப் பாடம் அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது. அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை. அவருக்கு வேண்டிய நேரத்தை அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்த பருவத்துக்கு அந்தக் கல்லூரியில் அதே பாடம் மறுபடி வருகிறது. எங்கள் மையத்தில் இருந்து மூன்று பேர் சேரப்போகிறார்கள், அதில் இருவர் பெண்கள். மூவரில் ஒருவருக்கும் ராகம் தெரியாது.

ஜெய் பீம்.